டோக்கன் வளையமும் 22 செகண்டும்

கடம்பூர்னு சொன்னா பலருக்கும் போளிதான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வர்றது ஒரு வளையம்.

எங்க தாத்தா கடம்பூர் ஸ்டேஷன்ல பாயின்ட்ஸ்மேனா இருந்தவர். மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை 1876-ல் வந்தது. மீட்டர் கேஜ், ஒத்தை லைன். இரட்டைப் பாதை ஆனதெல்லாம் சமீப வருஷங்களில்தான். ஒத்தை லைன்ல எதிரெதிரா ரெண்டு வண்டி வந்துடக் கூடாதே, அதுக்குத்தான் டோக்கன். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன் ரெண்டுலயும் ஆளுக்கொரு மெஷின், நடுவில் கம்பித் தொடர்பு. ஒரு மெஷினில் இருந்து இரும்புக் குண்டை எடுத்துட்டா, அதைத் திரும்ப உள்ளே போடுற வரைக்கும் ரெண்டு மெஷினும் அடுத்த குண்டைத் தராது. குண்டு கையில் இருக்கிற வண்டிக்கு மட்டும்தான் லைன் சொந்தம். காலேஜில் நாங்க 'மியூடெக்ஸ்'னு மண்டையை உடைச்சுக்கிட்டுப் படிச்சதை எங்க தாத்தா வளையத்தில் மாட்டித் தூக்கிட்டு நின்னிருக்கார் :)

நிக்காம போற வண்டி வேகத்தைக் குறைச்சுட்டு வரும். ராத்திரின்னா தீப்பந்த வெளிச்சத்துல, குண்டு வச்ச பையோட வளையத்தைத் தாத்தா நீட்டுவார். பெரும்பாலும் ஃபயர்மேன்தான் கையை விட்டு அதை வாங்குவாராம். சின்னப் பையனா இருந்தப்ப, "டிரைவர் ஏன் வாங்கல தாத்தா?"ன்னு கேட்டேன்.

"ஏலே, அவன் கண்ணு முன்னாடில்லா இருக்கணும்."

சிக்னலைப் பார்த்தா டிரைவரும் ஃபயர்மேனும் சத்தமா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும். இப்பவும் லோகோ பைலட்டும் உதவியாளரும் அப்படித்தான் செய்யணும். வழியில் எங்காவது மெதுவா போகணும்னா, அதை முன்னாடியே காகிதத்தில் எழுதி, நிக்கிற ஸ்டேஷன்ல கொடுத்துக் கையெழுத்து வாங்கிடுவாங்க. ஓட்டுறவருக்கு ஒரு செய்தியை எப்போ, யார் கையில் கொடுக்கிறதுன்னு இவ்வளவு யோசிச்சிருக்காங்க.

இன்னொரு ஒத்தை லைனுக்குப் போவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சாட்ஸ்வொர்த், 2008 செப்டம்பர் 12. மெட்ரோலிங்க் பயணிகள் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் எதிரே வந்த சரக்கு ரயிலில் நேருக்கு நேர் மோதியது. டிரைவரையும் சேர்த்து 25 பேர் செத்துப் போனாங்க. டிரைவர் கேபினில் தனியா இருந்தார். பிரேக்கே போடலை. அவர் கடைசியா எஸ்எம்எஸ் அனுப்பினது மோதலுக்கு 22 செகண்டுக்கு முன்னாடி. அடுத்த மாசமே ரயில் ஓட்டும்போது செல்போன் தொடக்கூடாதுன்னு அங்கே உத்தரவு வந்தது. வண்டியைத் தானா நிறுத்துற ஏற்பாடு வேணும்னு சட்டமும் வந்தது.

ரயிலுக்கே இப்படின்னா ரோடு? நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. உலகத்தின் முதல் எஸ்எம்எஸ் போனதே 1992 டிசம்பர் 3-ல்தான். அதாவது சட்டம் மூத்தது. 2019 திருத்தத்தில்தான் 184-ஆம் பிரிவில், ஆபத்தா ஓட்டுறதுங்கிற பட்டியலில், கையில் பிடிக்கிற கருவியையும் சேர்த்தாங்க. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் முதல் ஒரு வருஷம் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் ஆட்கள் லாரி டிரைவர்களைக் கேமரா வச்சுப் பார்த்து 2009-ல் சொன்ன கணக்கு: மெசேஜ் அடிக்கிறவர் 6 செகண்டில் 4.6 செகண்ட் ரோட்டைப் பார்க்கிறதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 102 மீட்டர். பெருக்கிப் பார்த்துக்கோங்க.

இதெல்லாம் தெரிஞ்சே நானும் அடிச்சிருக்கேன். கயத்தாறில் நாலுவழிச்சாலையை விட்டு இறங்கி கடம்பூர் ரோட்டுல வர்றேன், சாயங்காலம், ரெண்டு பக்கமும் கரிசல் காடு, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. ஆபீஸ்ல இருந்து மெசேஜ், சர்வர் படுத்துடுச்சு. "10 நிமிஷம்"னு அடிச்சுட்டு நிமிர்றேன், ரோடு பூரா ஆடு. பிரேக்கை ஏறி மிதிச்சேன். வண்டி நின்ன இடத்துக்கும் கடைசி ஆட்டுக்கும் நடுவில் கம்பை ஊனிக்கிட்டு ஒரு பெரியவர். திட்டுவார்னு பார்த்தேன். என் கையில் இருந்த போனையே பார்த்துட்டு நின்னார். அப்புறம் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டார்.

இப்பல்லாம் ஊருக்கு வந்தா பக்கத்து சீட்டுல அம்மா, போன் அவங்க மடியில். மெசேஜ் வந்தா படிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. என் மேனேஜரோட இங்கிலீஷை அவங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள கோவில்பட்டியே வந்துடுது.