துண்டும் தண்டமும்

"சின்னக் கேஸ்தானே, ஒத்துக்கிட்டு தண்டத்தக் கட்டிட்டு வந்துரு."

இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் இந்தப் பேச்சை நாங்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். லைசன்ஸ் இல்லாத மாணிக்கக் குழிக்கு லீவில் வேலைக்குப் போன பையன் பிடிபட்டாலும் சரி, திருவிழாவில் கைகலப்பு என்றாலும் சரி, லயத்தில் கிடைக்கும் சட்ட ஆலோசனை இதுதான். சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போவதும் துரையை எதிர்த்துப் பேசுவதும் குற்றம். மூன்று மாதம் வரை மறியல். இதோடு 'துண்டு' என்று ஒரு காகிதமும் இருந்தது. ஆள் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அதைக் கட்டினால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். பொன்னம்பலம் அருணாசலமும் பெரி சுந்தரமும் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் அமைத்து இதை எதிர்த்தார்கள். 1921இல் துண்டு ஒழிந்தது. ஆனால் கோர்ட்டுக்குப் போனால் தலையாட்டிவிட்டு வரணும் என்ற பழக்கம் ஒழியவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. இரத்தினபுரியிலேயே சபரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் டாக்டர் கனவோடு உயர்தரம் படிக்கிறார்கள். முதல் கதவு இசட் புள்ளி. பழைய கேஸ் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் குறுக்கே வரும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம், பதிவு கேட்பவர் 'நன்னடத்தை' உள்ளவராக இருக்கணும் என்கிறது. தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று காட்டும் குற்றத்தில் தண்டனை பெற்ற டாக்டரின் பெயரைப் பதிவிலிருந்து நீக்கவும் அதில் இடமுண்டு.

இந்தச் சொற்களைக் கவனிக்கணும். எந்தக் குற்றமானாலும் கதவு மூடிவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. சின்னத் தண்டம் ஒன்றால் கனவு முடிந்துவிடாது. மறைப்பதுதான் பெரிய ஆபத்து. மேல்படிப்புக்கு வெளிநாடு போனாலும் இதே கேள்வி வரும்: அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கும் ரெசிடென்சிக்கும் போடும் விண்ணப்பங்களில் குற்றத் தீர்ப்பு பற்றிக் கேட்கிறார்கள். பிரிட்டனின் மருத்துவ கவுன்சிலும் கேட்கிறது.

அதைவிட நல்லது, தீர்ப்பே பதியாமல் பார்த்துக்கொள்வது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு இதற்கு வழி தருகிறது. வயதையும் முன் நடத்தையையும் குற்றத்தின் சிறுமையையும் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்தோ பிணை எழுதி வாங்கியோ நீதவான் விடுவிக்கலாம். ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்! வழக்கு சிங்களத்தில் நடக்கும். மொழிபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை. லோயருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

அன்றைக்குத் துண்டை எழுதினது துரை. இன்றைக்கு அவசரத்தில் 'குற்றவாளிதான்' என்று சொல்லி, நம்ம பிள்ளைக்கு நாமே ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறோம். டியூஷன் காசுக்காக வருஷக்கணக்கில் கொழுந்து பறித்த அம்மா, கோர்ட்டுக்குப் போகும் அந்த ஒரு காலையில் "கொஞ்சம் பொறு, லோயர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுவோம்" என்று பிள்ளையிடம் சொன்னால் போதும்.