‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லை’: ஒரு வாக்கியத்தின் வரலாறு



மதச்சார்பற்ற பொதுவாழ்வில் கத்தோலிக்க நம்பிக்கைக்கு என்ன இடம் என்பதை இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் இரண்டு பதில்கள் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், தொழுநோயாளிகளைத் தொட்டுத் துடைத்தார்கள் என்பது ஒன்று. அந்நிய மதம், மதமாற்ற வேலை என்பது மற்றொன்று. முதலாவதைப் பாராட்டு மேடைகளில் கேட்கிறோம், இரண்டாவதைத் தேர்தல் மேடைகளில் கேட்கிறோம். இரண்டிலும் விடுபட்டுப் போகிறவர் தலித் கத்தோலிக்கர். இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் சொன்னது. பெரும்பான்மையே விடுபட்டுப்போன பேச்சை எப்படி முழுமையான பேச்சு என்று ஏற்றுக்கொள்வது?

எனவே நாம் வேறொரு வழியில் போகலாம். ‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லை’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். யார் யார், எப்போது, எதற்காக இதைச் சொன்னார்கள் என்று பார்ப்போம். திருச்சபையும் அரசும் தலித் மக்களிடம் நடந்துகொண்ட விதம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

வழக்கம் என்ற வேலி

1606இல் இத்தாலியச் சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே பரதவ மக்களுக்கான சிறு திருச்சபை இருந்தது. நொபிலி அதிலிருந்து விலகித் தனி வீடு எடுத்துத் தங்கினார். காவி உடுத்தார், புலால் மறுத்தார், பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்கள்தாம், சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். கூட இருந்த துறவிகளே எதிர்த்தார்கள். வழக்கு உரோமை வரை போனது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த வழக்கங்களைச் சில நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

நொபிலியின் தமிழும் வடமொழியும் பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘இது சமயம், இது வழக்கம்’ என்று அவர் போட்ட கோட்டின் விளைவை நாம் பார்க்க வேண்டும். சாதி வழக்கத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தது. வழக்கமென்றால் திருச்சபை அதில் கைவைக்க வேண்டியதில்லை. அடுத்த தலைமுறையில் உயர்சாதிக்குச் சந்நியாசிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே பிரிந்து நின்றார்கள். பண்டாரசாமிகள் வழியாக நம் முன்னோர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதும் உண்மை. கதவு திறந்தது, ஆனால் தனிக் கதவாகத் திறந்தது.

உரோமையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்கே குரு போய்த் திருவருட்சாதனம் தர வேண்டும் என்று 1704இல் ஆணையிட்டார். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே அன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் பதினான்காம் பெனடிக்ட் விவகாரத்தை முடித்தபோது கிடைத்த சமரசம் என்ன தெரியுமா? பறையருக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்கிவிடுவது. ஆணையும் நிறைவேறியது, தீட்டும் காப்பாற்றப்பட்டது.

வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இந்தத் தீட்டு கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது. அங்கிருந்த ஆலயம் ஒரே பீடத்துக்கு இரண்டு மண்டபங்கள் கொண்டது. ஒன்றில் பிள்ளைமாரும் முதலிமாரும், மற்றொன்றில் நாடார் முதலிய பிற சாதியார். நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் குரு இரு பக்கத்தையும் பார்க்கலாம், சனங்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது.

1910இல் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். பிள்ளைமார் தரப்பு ஆயர் மீது வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவராகிவிட்டவர், தன்னைப் போன்ற இன்னொரு கிறிஸ்தவரால் ஆலயத்தில் தனக்குத் தீட்டு ஏற்படுகிறது என்று சொல்லி, அதை ஓர் உரிமையாகச் சட்டத்தின் முன் நிறுத்த முடியாது என்று வழக்கைத் தள்ளியது.

மாணவ நண்பர்கள் இந்த வழக்கைக் கவனித்துப் படிக்க வேண்டும். ‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லை’ என்ற வாக்கியம் இங்கே ஒரு சுவரை இடிக்கப் பயன்பட்டது. சாதியின் பெயரால் உரிமை கேட்ட மேல்சாதியாருக்கு எதிராக அது நின்றது. பொதுவெளியில் ஒரு சமய நம்பிக்கை செய்யக்கூடிய நல்ல வேலை இது. தன் வேதம் சொல்வதைத் தன் சொந்த மக்களே மீறும்போது, ‘நீ நம்புகிறேன் என்று சொன்னது இதுதானே’ என்று முகத்துக்கு நேராகக் கேட்பது. அந்த இடத்தில் திருச்சபையும் நீதிமன்றமும் ஒரே பக்கம் நின்றன.

அதே வாக்கியம், எதிர்த்திசையில்

அடுத்த இருபது ஆண்டுக்குள் அந்த வாக்கியம் திசை மாறியது. 1936இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதிகளுக்கான ஆணையை வெளியிட்டபோது, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று எழுதியது. விடுதலைக்குப் பிறகு, 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுபவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றும் திறக்கவில்லை.

காரணமாகச் சொல்லப்பட்டது அதே வாக்கியம்தான். 1917இல் சாதி உரிமை கேட்டவர்களுக்கு ‘உனக்கு உரிமை இல்லை’ என்று சொன்ன வாக்கியம், 1950இல் சாதியால் நசுக்கப்பட்டவர்களுக்கு அதையே சொன்னது. நம்பிக்கை எதை ஏற்கவில்லையோ அது நடைமுறையிலும் இல்லை என்று அரசு முடிவு செய்துகொண்டது. மதச்சார்பற்ற அரசு ஒரு மதத்தின் வேத வாக்கை எடுத்து, அதையே சமூகத்தின் நிலவரமாக எழுதிவைத்த விசித்திரம் இது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது எந்த மதத்தின் தீண்டாமை என்று பிரித்துச் சொல்லவில்லை. பட்டியல்தான் பிரித்தது.

இந்தப் பிரிவினையால் என்ன இழக்கிறோம்? தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு கிடையாது. தனித் தொகுதியில் நிற்க முடியாது. அவரை ஊர்ச்சாதிக்காரர் அடித்தாலும், சாதி சொல்லி ஏசினாலும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணைக்கு வராது. அடிப்பவர் அவருடைய மதத்தைக் கேட்டுவிட்டா அடிக்கிறார்?

சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர், அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். சூசை வழக்கு என்று அதை அறிவோம். 1985இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் சாதி தொடரலாம், ஆனால் அதைக் காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமை இந்து சமூகத்தில் இருக்கும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று ஆதாரத்தோடு நிறுவ வேண்டும் என்றது. நிறுவும் சுமை செருப்புத் தைப்பவரின் தலையில் ஏறியது.

இன்னொரு பக்கம், கிறிஸ்தவரானவர் இந்துவாகத் திரும்பி, சாதிச் சமூகமும் அவரை ஏற்றுக்கொண்டால் பழைய சாதியும் பட்டியல் உரிமையும் திரும்பக் கிடைக்கும் என்று நீதிமன்றங்கள் 1970களிலிருந்தே சொல்லி வருகின்றன. அப்படியானால் சாதி எங்கேயும் போகவில்லை, கோவில் வாசலில் செருப்பைப் போலக் காத்துக் கிடக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இந்தச் சட்டத்துக்கு அஞ்சித்தான் நம் சேரிகளில் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயருமாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. நம்பிக்கையை மறைத்தால்தான் உரிமை என்று ஆக்கிவைத்த ஏற்பாட்டுக்கு மதச்சார்பின்மை என்று பெயர் சொல்ல முடியாது.

திருச்சபை தன் வீட்டுக்குள்

அரசை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. சூசை வழக்கில் கேட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது? பங்குகளில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஓடும் சுவரில் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரைத் தெரியாத தலித் இயக்கத் தோழர் இருக்க மாட்டார். எங்கள் தெருவுக்குத் தேர் வராது என்பதில் இருக்கிறது. திருவிழா வரியை நம்மிடம் வாங்க மறுப்பதில் இருக்கிறது. வரி கட்டுகிறவருக்குத்தான் கோவிலில் பாத்தியதை. பணத்தை வாங்க மறுப்பது ஆளையே மறுப்பது என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.

அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். வடக்கன்குளத்துச் சுவர் இடிந்து நூறு ஆண்டு ஆகும் தறுவாயில், ஒரே பீடத்தின் முன் நிற்க முடியாமல் தனி ஆலயம் கேட்கும் நிலைக்கு நம் மக்கள் தள்ளப்பட்டிருந்தார்கள்.

திருச்சபையின் தலைமை பேசாமல் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எல்லாப் பாகுபாட்டையும் கடவுளின் திட்டத்துக்கு எதிரானது என்றது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டை மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை தலித் அதிகாரப்படுத்தலுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். ஒவ்வொன்றும் போராடியவர்களால் வந்தது, அதனால் அற்பமென்று தள்ள மாட்டோம்.

ஆனால் சிறுபான்மை உரிமை என்று வரும்போது திருச்சபை எதைப் பொத்திக் காக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அரசமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை நடத்தும் உரிமையைத் தருகிறது. 2005இல் சேர்க்கப்பட்ட 15(5) பிரிவு, தனியார் கல்வி நிலையங்களிலும் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கொண்டுவர வழி செய்தபோது, சிறுபான்மை நிலையங்களுக்கு விலக்குத் தந்தது. அந்த உரிமை வேண்டியதுதான். பெரும்பான்மை மதவெறிக்கு எதிரான அரண் அது. அரணுக்குள் இருக்கும் பெரும்பான்மைக்கு, அதாவது தலித் பிள்ளைகளுக்கு, எத்தனை இருக்கைகள் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அரசு கட்டாயப்படுத்தாது என்பதால் நம்பிக்கையும் கட்டாயப்படுத்தாதா?

எந்த நம்பிக்கைக்குப் பொதுவெளியில் இடம்

கத்தோலிக்க நம்பிக்கை பொதுவாழ்வுக்கு எதையும் கொண்டுவரவில்லையா? கொண்டுவந்திருக்கிறது, மடத்திலிருந்தும் சிறையிலிருந்தும். 1992இல் மதுரையிலிருந்து பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய ஒரு தலித் பெண், மடத்துக்குள் சாதி எப்படி நடமாடுகிறது என்று எழுதினார். அதை வெளியிட்டது சேசு சபையார் நடத்திய ஆய்வு மையம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்த சேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காகப் பேசினார். 2020 அக்டோபரில் 83 வயதில் கைதானார். நடுங்கும் கைகளோடு தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு அலைந்தார். 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவர் பேசியது சலுகை கேட்கும் மொழி அல்ல, அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் மொழி. அவரைப் பேசவைத்தது அவருடைய நம்பிக்கை.

நம் மக்கள் இன்று இரண்டு வாசல்களிலும் நிற்கிறார்கள். திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர் பங்குக்குள் நடக்கும் பாகுபாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1917இல் சுவரைக் காக்க மேல்சாதியார் நீதிமன்றம் போனார்கள், இப்போது சுவரை இடிக்க நாம் போகிறோம். மறுபுறம், 1950 ஆணையை எதிர்த்து 2004இல் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. பட்டியல் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்து, இரண்டு ஆண்டுக் கெடு முடிந்ததும் மேலும் கால நீட்டிப்புத் தந்தது.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு, இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. அரசே, வேதத்தைப் படித்து எங்கள் சாதியைத் தீர்மானிக்காதே, எங்கள் தெருவைப் பார்த்துத் தீர்மானி. மூன்றாம் பத்தியை நீக்கு. திருச்சபையே, டெல்லியில் எங்களுக்காக ஊர்வலம் போகும்போது ‘சாதி எங்களுக்குள்ளும் இருக்கிறது’ என்கிறாய். அதையே உன் பங்குப் பேரவையிலும் சொல். கல்லறைச் சுவரை இடி, தேரை எங்கள் தெருவுக்குக் கொண்டுவா, எங்கள் வரியை வாங்கு, குருமடத்திலும் கல்லூரியிலும் எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையை வெளியிடு.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சூசை வழக்கு கேட்ட ஆதாரத்தை நாம் திரட்டுவோம். உங்கள் ஊர்ப் பங்கில் எத்தனை கல்லறை, தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, வரிப் புத்தகத்தில் யார் பெயர் இல்லை, வாசகம் படிக்க யாரைக் கூப்பிடுவதில்லை என்று ஊர் ஊராகக் குறித்து எடுத்து வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசுவோம்.