93க்கு 41: குடியாத்தத்துக்கு வந்த ஒரு தலைமைத் தேர்தல்

நமது அரசியல் கட்சிகளின் அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் சொல் ஒன்று உண்டு: 'ஒருமனதாக'. பொதுக்குழு கூடியது, தலைவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், கைதட்டல் விண்ணைப் பிளந்தது என்று செய்தி முடிந்துவிடும். அந்த மண்டபத்தில் மாற்றுக் கருத்துடன் அமர்ந்திருந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்னும் கேள்விகளுக்கு அச்சொல்லில் இடமில்லை. தமிழக வரலாற்றில் இதற்கு மாறான ஒரு தலைமைத் தேர்தல் 1954ஆம் ஆண்டு நடந்தது. வாக்குகள் எண்ணப்பட்டன, வென்றவருக்கும் தோற்றவருக்கும் எவ்வளவு ஆதரவு என்பது ஊரறியத் தெரிந்தது. அத்தேர்தலின் இரண்டாம் பகுதி நமது வட ஆற்காட்டு மண்ணில் நிகழ்ந்தது என்பதை இன்று மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் படிக்கும் மாணவர்களில் பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

தமிழ் படித்தவர்கள் தேர்தல் என்றதும் குடவோலையை நினைவுகூர்வது வழக்கம். அகநானூற்றின் 77ஆம் பாடலில் அதன் சாயல் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அதை விதிமுறைகளோடு விவரிக்கின்றன. ஆயினும் குடவோலை என்பது குலுக்கல் முறை. தகுதி உடையவர்களின் பெயர்களைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். அதில் ஓலை வராதவர் இருப்பார். எதிர்த்து வாக்களித்தவர் இருக்க மாட்டார். பெரும்பான்மை, சிறுபான்மை என்னும் பிரிவு தோன்றுவதற்கு வாக்குகளை எண்ண வேண்டும். அப்படி எண்ணும் பழக்கத்தை நமது கட்சிகள் இருபதாம் நூற்றாண்டில்தான் கற்றன. சில கட்சிகள் கற்றதை விரைவில் மறந்தும் போயின.

1952 பொதுத் தேர்தலில், ஆந்திரப் பகுதிகளும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லாத நிலையில் இராஜாஜியை அழைத்து ஆட்சி அமைக்கச் செய்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை; ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். உதிரிக் கட்சிகளின் துணையோடு ஆட்சி நிலைபெற்றது. வட ஆற்காட்டில் செல்வாக்குடன் விளங்கிய காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. தெலுங்கு உறுப்பினர்கள் பிரிந்து சென்றதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியின் உள்கணக்கு முற்றிலும் மாறியது.

அதே ஆண்டில்தான் இராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரு வேளை படிக்க வேண்டும். மற்ற வேளையில் பெற்றோரிடமோ ஊரிலுள்ள தொழிலாளரிடமோ தொழில் பழக வேண்டும். இருக்கின்ற ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அரசு முன்வைத்த நியாயம். எதிர்ப்பாளர்கள் அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள், அப்பெயரே நிலைத்தது.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு அப்பெயரின் பொருளை விளக்கத் தேவையில்லை. மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவது பெருந்தொழில். முதலாளிகளாக முஸ்லிம் வணிகர்கள் பலர் இருந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டியவர்களிலும், ஆவாரம்பட்டைச் சாற்றில் அதை ஊறவைத்தவர்களிலும் தாழ்த்தப்பட்ட மக்களே மிகுதி. குடியாத்தத்தில் கைத்தறி நெசவு. இத்தகைய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், பிள்ளை பாதி நாள் தந்தையின் தொழிலைப் பழகட்டும் என்றால், தோல் தொட்டியில் நின்றவரின் மகன் அத்தொட்டியருகே நிற்கட்டும், தறிக்குழியில் அமர்ந்தவரின் மகன் அக்குழியிலேயே அமரட்டும் என்றே கேட்பவர் காதில் விழும். திட்டத்தை வகுத்தவரின் எண்ணம் எதுவாயினும், அத்தொழில்களில் இருந்தோர் தம் பிள்ளைகளை அவற்றிலிருந்து விடுவிக்கும் வழியாகவே பள்ளியைப் பார்த்தார்கள்.

பெரியாரின் திராவிடர் கழகமும் அண்ணாவின் தி.மு.க.வும் வெளியிலிருந்து போராடின. காங்கிரஸுக்குள்ளும் அதிருப்தி முற்றியது. டாக்டர் வரதராஜுலு நாயுடு போன்றோர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். 1954 மார்ச் மாதத்தில் இராஜாஜி உடல்நலத்தைக் காரணம் காட்டிப் பதவி விலக முன்வந்தார். புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி கூடியது.

போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர் காமராஜர், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர். மற்றவர் இராஜாஜியின் அமைச்சரவையில் இருந்த சி. சுப்பிரமணியம். வாக்கெடுப்பின் முடிவு: காமராஜர் 93, சுப்பிரமணியம் 41.

உட்கட்சி வாக்கெடுப்பு காமராஜருக்குப் புதிதன்று. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தலில் அவர் சி.பி. சுப்பையாவை எதிர்த்து நின்று 103க்கு 100 என்னும் கணக்கில் வென்றவர். மூன்றே வாக்குகளில் பெற்ற தலைமையைப் பல்லாண்டுகள் கட்டிக் காத்தவருக்கு, எதிர்த்து நின்ற நூறு பேரின் அருமை தெரிந்திருக்க வேண்டும். 1954இல் அவர் செய்த காரியத்தை அந்த அனுபவத்தோடு சேர்த்தே படிக்கத் தோன்றுகிறது.

ஏப்ரல் 13ஆம் நாள் பதவியேற்ற அமைச்சரவையில் முதலமைச்சரையும் சேர்த்து எட்டுப் பேர். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியமும், அவர் பக்கம் நின்ற எம். பக்தவத்சலமும் அந்த எட்டில் இருந்தார்கள். மாணிக்கவேலு நாயக்கர் தொடர்ந்தார். தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியார் புதிதாகச் சேர்ந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறை ஒப்படைக்கப்பட்டது. கல்விக்குப் பொறுப்பேற்றவர் சுப்பிரமணியம். அடுத்த மாதமே அரசு புதிய கல்வித் திட்டத்தைக் கைவிட்டது. எந்தத் திட்டத்தின் பெயரால் ஒரு தலைமை வீழ்ந்ததோ, அதை விலக்கிக்கொள்ளும் பொறுப்பு அந்தத் தலைமையின் ஆதரவைப் பெற்று நின்றவர் கையிலேயே வந்து சேர்ந்தது.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடலாகாது. 41 என்பது எண்ணி அறியப்பட்ட தொகை. மொத்தமுள்ள 134 வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை ஒதுக்கிவிட்டு ஆட்சி நடத்த இயலாது என்பது வென்றவருக்குத் தெரியும். 93ஐ மீறிப் போக இயலாது என்பது தோற்றவருக்குத் தெரியும். கைதட்டலில் முடிந்திருந்தால் இந்த அளவு இரு தரப்புக்கும் தெரிந்திராது. வாக்குகளை எண்ணியதால் தோற்றவர்களுக்கும் ஒரு மதிப்பு உண்டாயிற்று.

எஞ்சியது அரசியல் சட்டத்தின் 164ஆம் பிரிவு. சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். காமராஜர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்களவை உறுப்பினர். இராஜாஜி சென்ற மேலவை வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அவ்வழியே செல்லாமல் இடைத்தேர்தலைத் தேர்ந்துகொண்டார். தொகுதி, வட ஆற்காடு மாவட்டத்துக் குடியாத்தம்.

மேல்விஷாரத்திலிருந்து வேலூர் கடந்து, பள்ளிகொண்டாவில் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பினால் குடியாத்தம். விருதுநகர்க்காரரான காமராஜருக்கு அது சொந்த மண்ணன்று. அங்கே அவரை எதிர்த்தவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர். நெசவாளரிடையே அக்கட்சிக்கு நல்ல பிடிப்பு இருந்தது. ஆகவே போட்டி வெறும் சடங்கன்று. காங்கிரஸை ஒழிப்பதே தம் வேலை என்று அறிவித்திருந்த பெரியார், காமராஜருக்கு ஆதரவு தந்தார். அப்போது தேர்தலில் நேரடியாகப் போட்டியிடத் தொடங்கியிராத தி.மு.க.வும் அவரை ஆதரித்தது. கல்வித் திட்டம் கைவிடப்பட்டதன் பயன் இப்படித் திரும்பி வந்தது. காமராஜர் வென்றார்.

ஒரு தலைவர் இரு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதே இதன் சாரம். முதலில் 134 பேர். அடுத்துக் குடியாத்தத்து வாக்காளர்கள். முதல் தேர்தல் அவரைக் கட்சிக்குத் தலைவராக்கியது. இரண்டாவது, கட்சிக்கு வெளியே இருந்தவர்களும் அத்தலைமையை ஏற்கிறார்களா என்று சோதித்தது. இவ்விரண்டில் எது குறைந்தாலும் தலைமை நொண்டியடிக்கும் என்பதற்குப் பிற்கால வரலாற்றில் சான்றுகள் உண்டு.

காமராஜரின் வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1963இல் கட்சிப் பணிக்காகப் பதவி துறந்து அவர் வெளியேறியபோது முதலமைச்சரானவர் பக்தவத்சலம். 1954இல் எதிர் அணியில் நின்ற அதே மனிதர். அகில இந்தியத் தலைவரான காமராஜர், 1964இல் நேரு மறைந்ததும் உறுப்பினர்களைத் தனித்தனியே கலந்து, 'கருத்தொற்றுமை' என்னும் முறையில் லால் பகதூர் சாஸ்திரியைத் தலைவராக்கினார். வாக்குப் பெட்டி வைக்கப்படவில்லை. 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபோது மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்க மறுத்தார். வாக்கெடுப்பு நடந்தது, இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. அந்த 169க்கும் ஒரு மதிப்பு இருந்தது. ஓராண்டு கழித்து மொரார்ஜி துணைப் பிரதமரானார். 1969இல் அவரிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட, அவர் விலகினார். அவ்வாண்டிலேயே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. காமராஜரும் மொரார்ஜியும் ஒரே பக்கம் நின்றார்கள்.

திராவிடக் கட்சிகளிலும் இதே பாடத்தைக் காணலாம். 1949இல் தி.மு.க. தொடங்கியபோது தலைவர் நாற்காலி பெரியாருக்கென்று காலியாக விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளர் என்ற அளவிலேயே கட்சியை நடத்தினார். 1969 பிப்ரவரியில் அவர் மறைந்ததும் முதலமைச்சர் பொறுப்புக்குக் கருணாநிதி, நெடுஞ்செழியன் என இரு பெயர்கள் எழுந்தன. கருணாநிதி முதலமைச்சரானார். அவ்வாண்டு ஜூலையில் இருபதாண்டுகள் காலியாக இருந்த தலைவர் பதவியும் அவருக்கு வந்தது. நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர் ஆனார். பதவிகளைப் பகிர்ந்ததால் அப்போது பிளவு தவிர்க்கப்பட்டது.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது அ.தி.மு.க.வில் அத்தகைய ஏற்பாடு உருவாகவில்லை. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று கட்சி பிரிந்தது. ஜானகியின் அமைச்சரவை ஒரு மாதமும் நீடிக்கவில்லை. இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 தேர்தலில் இரு அணிகளும் தோற்ற பிறகே இணைந்தன. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். வகுத்த விதி. ஜெயலலிதா மறைந்த பிறகு எழுந்த பூசல் 2022 ஜூலைப் பொதுக்குழுவுக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. 2023 மார்ச் மாதத்தில் எடப்பாடி பழனிசாமி பொதுச்செயலாளராகப் போட்டியின்றித் தேர்வானார். எதிர்த்தவர்களின் வலிமை வாக்குப் பெட்டியில் அளக்கப்படவேயில்லை.

ஒப்புநோக்க, 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலைச் சொல்லலாம். மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகள். சசி தரூருக்கு 1,072. முடிவு முன்பே தெரிந்ததுதான் என்று பலர் கேலி செய்தார்கள். எனினும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாற்றாக நினைத்தார்கள் என்பது ஏட்டில் பதிவாயிற்று. பத்து மாதம் கழித்துக் காங்கிரஸ் செயற்குழுவில் தரூருக்கு இடம் கிடைத்தது. மற்ற பல கட்சிகளில் அத்தகைய ஓர் எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

கட்சித் தலைவர் தேர்தல் கட்சிக்காரர்களின் வீட்டு விவகாரம் என்று கருதுவோர் உண்டு. 1954இல் அந்த 134 பேர் அளித்த வாக்கு, நம் கிராமத்துப் பிள்ளை நாள் முழுதும் பள்ளியில் அமர்வதா, பாதி நாளில் தொட்டிக்குத் திரும்புவதா என்பதைத் தீர்மானித்தது. 1965இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி திறக்கப்பட்டபோது, அதில் சேரும் வயதை எட்டிய தலைமுறை ஆறு, ஏழு வயதில் பள்ளிக்கூட வாசலில் நின்ற காலம் அது. அன்றைய வாக்குகள் எண்ணப்படாமல் கைதட்டலில் முடிந்திருந்தால், எவருடைய குரல் ஓங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இனி எந்தக் கட்சியின் தலைவர் தேர்வைப் பற்றிய செய்தியை வாசித்தாலும், வென்றவர் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு, தோற்றவருக்கு எத்தனை வாக்கு என்றும் நாம் கேட்டுப் பழக வேண்டும்.