பறங்கியர் பாட்டு வந்த வழி

திருப்பாலைவனத்தில் பாலீசுவரரைத் தரிசித்துவிட்டுக் கடல் திசையாகப் பழவேற்காட்டுக்குச் செல்லும் யாத்திரிகர், அங்கே மகிமை மாதா கோயிலையும், டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இருந்த இடத்தையும், வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய இடுகாட்டையும் காண்பார். டச்சுக்காரருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இத்துறைமுகத்தில் குடியேறித் துணி வியாபாரம் நடத்திய போர்த்துகீசியருக்கோ, மாதா கோயிலைத் தவிர வேறு ஞாபகச் சின்னம் சொல்லும்படியாக இல்லை. 1612-இல் மயிலாப்பூரிலிருந்து வந்து டச்சுக்காரரின் பண்டகசாலையைத் தாக்கிப் பார்த்தும் அவர்களால் இவ்விடத்தை மீட்க முடியவில்லை. கோயிலை விட்டுச் சென்றவர்களின் பாட்டு என்னவாயிற்று என்று தேடுவோர் இக்கரையில் அதைக் காணமாட்டார்கள். இலங்கைக்குத்தான் கப்பலேற வேண்டும்.

1505-இல் இலங்கையில் கால்வைத்த போர்த்துகீசியர் 1658-இல் டச்சுக்காரரால் முற்றிலும் துரத்தப்பட்டனர். இராஜாதிகாரம் போயிற்றே தவிர, அவர்கள் சுதேசப் பெண்களை மணந்து உண்டான சந்ததியாரும், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அவர்கள் கொண்டுவந்த காப்பிரிகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மீன் பாடும் தேனாடாகிய மட்டக்களப்பில் தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்து பிழைத்த அச்சந்ததியாராகிய பறங்கியர், தெருவில் தமிழும் வீட்டில் உருமாறிய போர்த்துகீசியமும் பேசி, விவாக காலங்களில் ‘கஃப்ரிஞ்ஞா’ ஆடினார்கள். வயலின் முன்னே செல்ல, மாண்டலினும் ரபான் என்னும் பறையும் பின்தொடர, மும்மூன்றாக விழுந்து ஆறில் முடியும் அத்தாளத்துக்குப் பெண்கள் பாவாடை நுனியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடவருக்கு எதிர்நின்று ஆடுவார்கள். பாடியவர்களின் பெயர்களைச் சரித்திரம் பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை.

லிஸ்பன் நகரில் 1920-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் பழம் விற்று, பின்னர் ‘ஃபாடோ’ என்னும் போர்த்துகீசியச் சோகப் பாட்டுப் பாடி உலகப் பிரசித்தி அடைந்த அமாலியா ரோட்ரிகஸ் 1999-இல் காலமானபோது, போர்த்துகல் தேசம் மூன்று நாள் துக்கம் அனுஷ்டித்தது. 2001-இல் அவருடைய உடலைத் தேசத்தின் பெரியோர் துயிலும் மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்தது. கீழ்த்திசையில் போர்த்துகீசியப் பாட்டைத் தாங்கி நின்றவர்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. இலங்கையில் போலீஸ் உத்தியோகத்திலிருந்த வாலி பாஸ்டியன்ஸ், கஃப்ரிஞ்ஞாத் தாளத்தில் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடி, ‘பைலா’ என்னும் ஜனரஞ்சக சங்கீதத்துக்குப் பிதாவென்று பெயர் பெற்று, 1985-இல் மறைந்தார். பைலாவைக் குடிகாரர் கூத்தென்று இகழ்வாரும் உண்டு. எனக்கு அவ்வபிப்பிராயம் சம்மதமன்று. ஐரோப்பிய வயலினும் ஆப்பிரிக்கத் தாளமும் சிங்களச் சொல்லும் சண்டையின்றி ஓரிடத்தில் கூடிய அதிசயம் கச்சேரி மேடைகளில் எளிதில் காணக் கிடைப்பதன்று.

பைலா தமிழுக்கு வந்ததும் இலங்கைத் தமிழராலேயே. நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடி இளைஞரை ஆட்டிவைத்தார், ஏ. ஈ. மனோகரனோ ‘சுராங்கனி’யைக் கொண்டுவந்து தமிழ்நாட்டிலேயே குடியேறி, ‘சிலோன் மனோகர்’ என்னும் பெயரோடு திரைப்படங்களிலும் நடித்து, 2018-இல் சென்னையில் காலமானார். 1977-இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அப்பாட்டைச் சேர்த்த பிறகு, அது முழங்காத கல்யாண வீடு அபூர்வமாயிற்று. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவரும் சமாசாரமே அப்பாட்டின் விஷயம். எந்தக் குப்பத்தார் எந்நாளில் ஏரியின் எவ்விடத்தில் வலை கட்டலாமென்று ‘பாடு’ முறை வகுத்து, முறைப்படி இறாலும் மீனும் பிடித்து வாழும் பழவேற்காட்டுப் பட்டினவருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது? ஆயினும் அதன் தாளம், தங்கள் ஊரில் மாதா கோயில் கட்டியவர்களின் இனத்தார் வழியே கடல் தாண்டி வந்ததென்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் எவருமிலர்.

இலங்கையில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹியூ நெவில் என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்டக்களப்புப் பறங்கியரின் பாடல்களைச் சேகரித்தார். அக்கையெழுத்துப் பிரதி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. போர்த்துகீசியமும் தமிழும் கற்றவர் ஒருவர் அதைத் தமிழாக்கித் தர முன்வர வேண்டும். வீட்டில் அந்த உருமாறிய போர்த்துகீசியம் பேசும் முதியவர்கள் மட்டக்களப்பில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நலம்.