இங்கிலாந்து: தாத்தாவைப் பார்த்துக்கொள்ள யார் செலவு செய்வது?

இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சை இலவசம். ஆனால் தாத்தாவைக் குளிப்பாட்ட, சாப்பிடவைக்க ஆள் வேணும்னா?

உள்ளூராட்சி மன்றத்தைத்தான் கேட்கணும். தாத்தாவின் சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால், பொதுவாக அவரே முழுச் செலவையும் ஏற்கவேண்டும். 2010இலிருந்து அந்த வரம்பு மாறவில்லை, விலைவாசி ஏறிவிட்டது.

மன்றத்துக்கு என்ன சிக்கல்?

- வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழக்கூடாது. அது சட்டம்.
- தகுதியுள்ளவர்களுக்குப் பராமரிப்பு கொடுத்தே ஆகணும். அதுவும் சட்டம்.
- 2025இல் மன்ற வரியை 5 விழுக்காடு கூட்டணும்னா, பொதுவாக மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும்.

அப்போ, முதியோர் பெருகினால் எதில் கைவைப்பார்கள்? நூலகம், பூங்கா, இளையர் நிலையம்.

அங்கே ஒரு நூலகம் மூடப்படுவதாகப் படித்தால், பராமரிப்புச் செலவு எவ்வளவு கூடியது என்றும் பாருங்கள்.