ஹைட்ரோசீல்: ஊசியில் நீரை எடுத்தால் போதுமா, ஆபரேஷன்தான் தீர்வா? யாருக்கு எது சரி?

விதைப்பையில் வீக்கம். வலி இல்லை. வேட்டியோ கைலியோ கட்டினால் வெளியே தெரிவதும் இல்லை. அதனால் மனைவியிடம்கூட சொல்லாமல் பல வருடம் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. பைக்கில் உட்கார முடியாமல், நடக்கும்போது தொடை உரசிப் புண்ணாகி, இனி வேற வழியில்லை என்ற பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். போனதும் பலர் கேட்கிற முதல் கேள்வி: ஊசி போட்டு தண்ணிய எடுத்துட முடியாதா, ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

இதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. வயது, வீக்கத்தின் அளவு, காரணம், குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம், உடல்நிலை இவற்றைப் பொறுத்து முடிவு மாறும். எதை வைத்து முடிவெடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• சின்ன வீக்கம், தொந்தரவு இல்லை என்றால் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.
• ஊசியில் நீரை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும்.
• நீரை எடுத்து மருந்து செலுத்தும் முறை சிலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அல்ல.
• நிரந்தரத் தீர்வுக்கு அதிக வாய்ப்பு ஆபரேஷனில்தான்.
• எதைச் செய்வதற்கு முன்பும் அது ஹைட்ரோசீல்தானா என்று உறுதி செய்ய வேண்டும்.

ஹைட்ரோசீல் என்றால் என்ன?

விதையைச் சுற்றி இரண்டு அடுக்கு கொண்ட மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த அடுக்குகளுக்கு நடுவே கொஞ்சம் நீர் எப்போதும் சுரக்கும். சுரந்த நீரை உடலே உறிஞ்சிக்கொள்ளும். சுரப்பது கூடினாலோ, உறிஞ்சுவது குறைந்தாலோ நீர் தேங்கி பை வீங்கும். இதுதான் ஹைட்ரோசீல். தமிழில் விரைவீக்கம் என்கிறோம்.

பெரியவர்களில் பலருக்கு இது ஏன் வந்தது என்று குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாது. சிலருக்கு அடிபட்டதால், விதையில் தொற்று வந்ததால், முன்பு செய்த ஹெர்னியா அல்லது வெரிகோசீல் ஆபரேஷனால் வரலாம். யானைக்கால் நோய்க் கிருமியும் ஒரு முக்கியக் காரணம். அரிதாக, விதையில் உள்ள கட்டியைச் சுற்றியும் நீர் கோத்துக்கொள்ளும்.

சாதாரண ஹைட்ரோசீல் ஆண்மையைப் பாதிக்காது. குழந்தை பிறப்பதையும் பொதுவாகத் தடுக்காது. இந்தப் பயத்தில் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

முதலில் இது ஹைட்ரோசீல்தானா?

சிகிச்சையைவிட முக்கியமான கேள்வி இதுதான். விதைப்பையில் வருகிற எல்லா வீக்கமும் நீர் அல்ல. குடல் இறங்கி வரும் ஹெர்னியாவாக இருக்கலாம். ரத்தக்குழாய் புடைத்த வெரிகோசீலாக இருக்கலாம். கட்டியாகவும் இருக்கலாம்.

டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார். வீக்கத்துக்கு மேல் பக்கம் விரல் வைத்துப் பிடிக்க முடிந்தால் அது விதைப்பைக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பிடிக்க முடியாமல் அடிவயிறு வரை தொடர்ந்தால் ஹெர்னியா சந்தேகம் வரும். பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே தெளிந்த நீர் இருந்தால் வெளிச்சம் ஊடுருவி சிவப்பாக ஒளிரும். உறை தடித்துவிட்டாலோ, உள்ளே ரத்தமோ சீழோ இருந்தாலோ ஒளிராது.

விதையைத் தொட்டு உணர முடியாத அளவுக்கு வீக்கம் இருந்தால் ஸ்கேன் அவசியம். முக்கியமாக, 15 முதல் 40 வயதுக்குள் புதிதாக வீக்கம் வந்தால் ஸ்கேனைத் தட்டிக்கழிக்காதீர்கள். விதைப் புற்றுநோய் அதிகம் தெரிய வருவது இந்த வயதில்தான். கட்டி இருக்கும் சந்தேகம் இருந்தால் அங்கே ஊசி குத்தவே கூடாது.

இதற்காகத்தான், தெரிந்தவர் சொன்னார் என்று முறையான தகுதி இல்லாதவரிடம் போய் நீரை எடுக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். ஹெர்னியாவாக இருந்தால் ஊசி குடலில் குத்திவிடும். சுத்தமில்லாத ஊசியால் தெளிந்த நீர் சீழாக மாறலாம்.

வழி 1: எதுவும் செய்யாமல் கவனிப்பது

வீக்கம் சின்னது, வலி இல்லை, வேலைக்கும் நடைக்கும் இடைஞ்சல் இல்லை, ஸ்கேனில் விதை நன்றாக இருக்கிறது. இப்படி என்றால் சும்மா விட்டுவிடலாம். இதுவும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு முடிவுதான். தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடை அணிந்தால் கனம் தெரியாது. திடீரென்று பெரிதானாலோ, வலித்தாலோ திரும்ப டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் தடவுவது, ஒத்தடம் கொடுப்பது, இலை வைத்துக் கட்டுவது போன்றவற்றால் தேங்கிய நீர் வற்றாது. சிலருக்குத் தோல் வெந்து புண்ணானதுதான் மிச்சம்.

வழி 2: ஊசியில் நீரை மட்டும் எடுப்பது

சில நிமிடத்தில் முடிந்துவிடும். உடனே வீக்கம் வடியும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் நீரைச் சுரக்கும் உறை உள்ளே அப்படியேதான் இருக்கிறது. கிணற்றில் தண்ணீரை இறைத்துவிட்டு ஊற்றை விட்டுவைத்த கதை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்ப நிறைந்துவிடும்.

அடிக்கடி குத்தினால் ரத்தக்கசிவு, தொற்று வரலாம். உறை தடித்துப்போய் பிறகு ஆபரேஷனும் சிரமமாகும். அதனால் இதை நிரந்தரத் தீர்வாக மருத்துவர்கள் சொல்வதில்லை. ஆபரேஷனைத் தாங்க முடியாத உடல்நிலையில் இருப்பவர்களுக்குத் தற்காலிக நிம்மதி தரவே இது பயன்படுகிறது.

வழி 3: நீரை எடுத்து மருந்து செலுத்துவது

இதற்கு ஸ்க்லெரோதெரபி என்று பெயர். நீரை எடுத்த பிறகு அதே ஊசி வழியாக டாக்ஸிசைக்ளின், பாலிடோகனால் போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். அந்த மருந்து உறையின் உட்பக்கத்தில் அழற்சியை உண்டாக்கி, இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைத்துவிடும். நீர் தேங்க இடம் இருக்காது.

இதன் நல்ல பக்கம்: கத்தி இல்லை, தையல் இல்லை, மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆபரேஷனையும் இதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2014 அறிக்கை, இந்த முறையில் சிக்கல்கள் குறைவு என்கிறது. ஆனால் வீக்கம் திரும்ப வருவது ஆபரேஷனைவிட அதிகம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஒரு தடவையில் சரியாகாமல் இரண்டாவது முறை செய்ய வேண்டி வரலாம். செய்த பிறகு சில நாள் வலி இருக்கலாம்.

யாருக்குப் பொருந்தாது? இனிமேல் குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். மருந்து உண்டாக்கும் அழற்சி விந்தணு வரும் பாதையைப் பாதிக்கலாம் என்ற கவலைதான் காரணம். உள்ளே பல அறைகளாகப் பிரிந்திருக்கும் ஹைட்ரோசீலுக்கு மருந்து எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. குழந்தைகளுக்கு இது செய்யவே கூடாது. அவர்களுக்கு விதைப்பைக்கும் வயிற்றுக்கும் நடுவே பாதை திறந்திருக்கலாம் என்பதால் மருந்து வயிற்றுக்குள் போய்விடும்.

எல்லா ஊரிலும் இதைச் செய்து பழகிய டாக்டர் கிடைப்பதில்லை என்பதும் ஒரு நடைமுறைச் சிக்கல்.

வழி 4: ஆபரேஷன்

விதைப்பையில் சிறிய கீறல் போட்டு, நீரை வெளியேற்றி, உறையைச் சரி செய்வார்கள். உறை மெல்லியதாக இருந்தால் அதைச் சுருக்கித் தைப்பது ஒரு முறை. உறையை உள்வெளியாகத் திருப்பிப் பின்பக்கம் தைப்பது இன்னொரு முறை; இதில் சுரக்கும் நீரைச் சுற்றியுள்ள திசு உறிஞ்சிக்கொள்ளும். உறை தடித்தோ மிகப் பெரிதாகவோ இருந்தால் அதன் பெரும்பகுதியை வெட்டி எடுப்பார்கள். எந்த முறையிலும் விதையை எடுப்பதில்லை. பலருக்கு இருக்கும் பெரிய பயமே இதுதான்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே பெரும்பாலும் ஆபரேஷன் நடக்கும். அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்ப வரும் வாய்ப்பு குறைவு.

ஆபத்தே இல்லையா? உண்டு. உள்ளே ரத்தம் கட்டுவது, தொற்று, பல வாரம் நீடிக்கும் வீக்கம் ஆகியவை வரலாம். அரிதாக விந்துப் பாதையோ ரத்தக்குழாயோ காயப்படலாம். ஆபரேஷன் முடிந்தும் வீக்கம் அப்படியே இருக்கிறதே என்று முதல் சில வாரங்களில் பதற வேண்டாம். அது மெல்ல மெல்லத்தான் வடியும்.

லேசர் சிகிச்சை என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். லேசர் என்பது வெட்டுவதற்கான ஒரு கருவி. உள்ளே இருக்கும் உறையைச் சரி செய்ய வேண்டிய வேலை அதனால் மாறாது. காசு கட்டும் முன் உறையை என்ன செய்யப் போகிறீர்கள், கீறல் இருக்குமா என்று கேளுங்கள்.

யானைக்கால் கிருமியால் வந்தால்?

கியூலெக்ஸ் கொசு கடித்துப் பரவும் நுண்புழு, நிணநீர்க் குழாய்களைப் பாதிப்பதால் இந்த வகை ஹைட்ரோசீல் வருகிறது. உலகம் முழுவதும் சுமார் 2.5 கோடி ஆண்களுக்கு இது இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. கால் வீங்கினால்தான் யானைக்கால் நோய் என்று நினைக்கிறோம். ஆண்களுக்கு விதைப்பையில் மட்டுமே அது வெளிப்படலாம்.

கும்பகோணம் போல ஒரு காலத்தில் யானைக்கால் நோய் அதிகம் இருந்த ஊர்களில் வளர்ந்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கிருமிகள் இரவில்தான் ரத்தத்தில் அதிகம் சுற்றும் என்பதால் இரவு நேர ரத்தப் பரிசோதனை கேட்கலாம். டிஇசி மாத்திரை கிருமியைக் கொல்லும். ஆனால் ஏற்கெனவே பெரிதாகத் தேங்கிவிட்ட நீரை அது எடுக்காது. அதற்கு ஆபரேஷன்தான் வழி.

குழந்தைக்கு இருந்தால்?

பிறந்த ஆண் குழந்தைக்கு விதைப்பை வீங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் 1 வயதுக்குள், சிலருக்கு 2 வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதற்குப் பிறகும் இருந்தாலோ, கூடவே ஹெர்னியா இருந்தாலோ ஆபரேஷன் செய்வார்கள். குழந்தைகளுக்கு இடுப்பு மடிப்பில் கீறி, வயிற்றோடு இணைக்கும் பாதையை மூடுவார்கள்.

அப்போ யாருக்கு எது?

• 30 வயது, இனிதான் கல்யாணம், பைக்கில் போனாலே தொந்தரவு: ஸ்கேன் எடுத்து கட்டி இல்லை என்று உறுதியான பிறகு, ஆபரேஷன்.
• 50 வயது, குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், நடுத்தர வீக்கம், பல நாள் லீவு எடுக்க முடியாது: மருந்து செலுத்தும் முறை பற்றிக் கேட்கலாம். திரும்ப வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.
• 60 வயது விவசாயி, பல வருடமாக வளர்ந்த பெரிய வீக்கம், தோல் தடித்துவிட்டது: ஆபரேஷன். தள்ளிப்போட்டால் இன்னும் சிக்கலாகும்.
• 78 வயது, இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்: தொந்தரவு இல்லை என்றால் விட்டுவிடலாம். இருந்தால் ஊசி முறை. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.
• சின்ன வீக்கம், 10 வருடமாக அப்படியே இருக்கிறது: கவனித்தால் போதும்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் இலவசமாகச் செய்யப்படுகிறது. தனியாரில் ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள். ஹெர்னியா, ஹைட்ரோசீல் போன்றவற்றுக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் வைத்திருக்கும் பாலிசிகள் நிறைய உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு

உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சுமார் ஒரு வாரத்தில் திரும்பலாம். கனமான பொருளைத் தூக்குவது, வயல் வேலை, சைக்கிள், தாம்பத்தியம் ஆகியவற்றுக்கு டாக்டர் சொல்லும் வரை, பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை, பொறுத்திருக்க வேண்டும். காய்ச்சல், சீழ், திடீரென்று பெரிதாகும் வீக்கம் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் விதை நன்றாக இருக்கிறதா, ஸ்கேன் தேவையா?
2. இப்போது எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
3. நீங்கள் சொல்லும் முறையில் திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு?
4. குழந்தை பெற்றுக்கொள்வதை இது பாதிக்குமா?
5. எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?

இந்த அறிகுறி இருந்தால் உடனே ஓடுங்கள்

ஹைட்ரோசீல் பொதுவாக அவசர நோய் அல்ல. ஆனால் விதையில் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரி செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வீக்கம் கல் மாதிரி இறுகி, வலித்து, வாந்தி வந்தால் குடல் சிக்கிய ஹெர்னியாவாக இருக்கலாம். இரண்டுக்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மற்றபடி, யோசித்து முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. கூச்சத்தில் வருடங்களை மட்டும் கடத்திவிடாதீர்கள். சர்ஜனுக்கோ யூராலஜிஸ்டுக்கோ இது தினமும் பார்க்கிற விஷயம்தான்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை டாக்டரிடம் நேரில் காட்டி முடிவு செய்யவும்.)