சூலியா தெருவின் பேரேடும் கணினியின் திருத்தப் பதிவும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரிலுள்ள சூலியா தெருவுக்குத் தொடக்கத்தில் வழங்கிய பெயர் மலபார் தெரு என்பதாகும். 1798ஆம் ஆண்டில் அது சூலியா தெரு எனப் பெயர் மாறிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்த தமிழ் முஸ்லிம்களை அந்நாளில் சூலியர் என்றழைத்தனர்; 'சோழ' என்னும் சொல்லின் திரிபே இஃது என்பர். 1801ஆம் ஆண்டில் காதர் முகைதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகில் நிற்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்கா இத்தெருவிலேயே இருக்கிறது. இவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். யான் ஈண்டுக் கூறப் புகுவது, இத்தெருவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகளில் எழுதப்பட்ட கணக்கேடுகளைப் பற்றியும், அவ்வேடுகளுக்கும் இன்றைய கணினி நிரலாளர் கையாளும் ஒரு முறைக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றியுமாகும்.

கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒரே கூடத்துள் பல வட்டிக்கடைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு பாய், சில ஏடுகள், அவ்வளவே. கடையின் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். தொழில் பழகுபவன் பெட்டியடிப் பையன். மேலாளின் தவணை வழக்கமாக மூன்றாண்டு. தவணை முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். மற்றொருவர் வந்து கணக்கை ஒப்புக்கொள்வார். பினாங்கில் வாழ்ந்தவரான ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' என்னும் புதினத்தைப் படித்தோர்க்கு இவ்வுலகம் புதிதன்று.

முதலாளி கடலுக்கு அக்கரையில்; பணமும் கடனாளியும் இக்கரையில். இருவரிடமும் உள்ள கணக்கு ஒன்றாக இருத்தல் வேண்டும். எவ்வாறு இருக்கும்?

மிக எளிதாகத் தோன்றும் வழி, பேரேடு முழுவதையும் படியெடுத்து அனுப்புவது. அஃது ஆகாத காரியம். படியெடுத்து முடிப்பதற்குள் மூலத்தில் பத்து வரவும் இருபது பற்றும் ஏறிவிடும். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய கப்பல் கடலில் ஒரு வாரமளவு இருக்கும். அது கரை சேரும்போது படி பழையதாகிவிடும். ஆகவே செட்டியார்கள் மாற்றத்தை அனுப்பினார்கள். அன்றன்று நடந்தது அன்றன்றே குறிப்பேட்டில் நாள் வரிசையில் ஏறும். குறிப்பேட்டிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குச் செல்லும். சென்ற கடிதத்திற்குப் பின் நிகழ்ந்தவை எவையோ அவை கணக்காகவும் கடிதமாகவும் ஊருக்குச் செல்லும். குறித்த காலத்தில் ஐந்தொகை எடுத்து இருபுறமும் ஒத்துப் பார்க்கப்படும். ஏடுகள் தமிழில் எழுதப்பட்டன. வரவும் பற்றும் இரட்டையாகப் பதியும் முறை அவர்களிடம் நன்கு வேரூன்றியிருந்தது. ஒவ்வொரு கடைக்கும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன விலாசம் ஒன்று உண்டு. அவ்வெழுத்துகளைக் கண்ட அளவிலேயே இன்னார் கடை என்பது விளங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குறிப்பேட்டில் எழுதியதை அழித்து எழுதுதல் கணக்கு மரபன்று. தவறு நேர்ந்தால் அதை நேர்செய்யும் புதுப் பதிவொன்றை அன்றைய தேதியில் எழுத வேண்டும். பழைய தவறும் ஏட்டில் நிற்கும், திருத்தமும் நிற்கும். அழித்து எழுதினால் இக்கரை ஏடு மட்டுமே மாறும். அக்கரையில் இருப்பவர்க்கு எது எப்போது மாறிற்று என்று தெரிய வழியில்லை. 1870ஆம் ஆண்டையொட்டிச் சென்னையும் பினாங்கும் கடலடித் தந்தியால் இணைக்கப்பட்ட பின்னும், சொல்லுக்குச் சொல் கட்டணம் வாங்கும் தந்தியில் அவசரச் செய்தி போயிற்றேயன்றிக் கணக்கு போகவில்லை. கணக்கு கப்பலில்தான் போயிற்று.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் ஓலைச்சுவடிகளை நினைவுகூர்வர். சுவடியும் படியெடுக்கப்பட்டதே. ஆயின் படியெடுத்தவர் தாம் செய்த மாற்றத்தை எழுதி வைக்கும் வழக்கம் இருக்கவில்லை. ஏடு சிதைந்த இடத்தில் ஊகித்து எழுதினாரா, மூலத்தில் இருந்ததையே எழுதினாரா, யார் எழுதினார், எக்காலத்தில் எழுதினார் என்பவை பல சுவடிகளில் புலப்படா. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஊர்ச் சுவடிகளைத் தேடிப் பெற்று, வரிக்கு வரி ஒப்பிட்டு, மூலம் எதுவாயிருக்கும் என்று பின்னோக்கிச் செல்ல வேண்டியிருந்தது. சுவடி நமக்குக் கிடைத்தது. சுவடியின் திருத்த வரலாறு கிடைக்கவில்லை. அவ்வரலாறும் கிடைத்திருந்தால் ஐயரவர்களின் உழைப்பில் பெரும் பகுதி மிச்சமாயிருக்கும் என்பது என் துணிபு.

இனிக் கணினிக்கு வருவோம். நிரல் என்பது கணினிக்கு மனிதன் எழுதித் தரும் கட்டளைத் தொகுதி. பெரிய நிரல் இலட்சக்கணக்கான வரிகளை உடையது. பலர் கூடி எழுதுவது. ஒருவரே எழுதினும், அலுவலகக் கணினியில் ஒரு படியும் வீட்டுக் கணினியில் ஒரு படியும் இருக்கும். காலையில் அங்கே திருத்தியதை மறந்து மாலையில் இங்கே பழைய படியைத் திருத்தினால், இரண்டு படிகளும் தனித்தனி வழியில் போய்விடும். பின்னர் ஒன்றன்மேல் மற்றொன்றைப் பெயர்த்தெழுதினால் ஒரு நாள் உழைப்பு அழியும். இச்சிக்கலைத் தீர்க்க எழுந்த முறையை ஆங்கிலத்தில் 'வெர்ஷன் கன்ட்ரோல்' என்பர். திருத்தப் பதிவு முறை என்று இக்கட்டுரையில் அதனை வழங்குவேன்.

அதன் வரலாறு 1972இல் தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்டு என்பவர் அவ்வாண்டில் 'எஸ்.சி.சி.எஸ்.' என்னும் கருவியை அமைத்தார். (அதே 1972இல்தான் இன்டெல் நிறுவனம் பினாங்கின் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை திறந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, எனினும் ஆண்டு நினைவில் நிற்க உதவும்.) நிரலின் ஒவ்வொரு நிலையையும் முழுமையாக வைத்துக்கொள்ளாமல், நிலைக்கு நிலை ஏற்பட்ட வேறுபாட்டை மட்டும் அக்கருவி பதிந்து வைத்தது. கணினியில் இடம் பொன்னினும் அரிதாயிருந்த காலம் அது. 1982இல் வால்டர் டிக்கி 'ஆர்.சி.எஸ்.' என்பதை வெளியிட்டார். இவ்விரண்டிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அது பூட்டப்படும். அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் கை வைக்க இயலாது. மேலாள் ஏட்டை எடுத்துக்கொண்டால் அடுத்தாள் காத்திருக்க வேண்டியதுதான்.

பூட்டை உடைத்தவர் ஆம்ஸ்டர்டாம் நகரின் பல்கலைக்கழக ஆசிரியர் டிக் குரூன். அவரும் மாணவர் இருவரும் சேர்ந்து ஒரு நிரலை எழுதினர். மாணவருள் ஒருவர் காலை முதல் மாலை வரை ஒழுங்காக வருபவர். மற்றவர் வேளை தவறி வருபவர். ஆசிரியருக்கோ மாலைப் பொழுது மட்டுமே ஓய்வு. மூவரும் சந்திப்பதே அரிது; பூட்டு இவர்களுக்கு ஒத்து வருமா? ஆகவே மூவரும் ஒரே கோப்பைத் தத்தம் படியில் திருத்தலாம், பிறகு இணைக்கலாம் என்னும் ஏற்பாட்டை அவர் செய்தார். 'சி.வி.எஸ்.' என்னும் அக்கருவி 1986இல் வெளியாயிற்று. ஆசிரியத் தொழிலின் அட்டவணைத் தொல்லையிலிருந்து ஒரு பெருங்கருவி பிறந்தது என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

எனினும் சி.வி.எஸ். முறையில் முழு வரலாறும் நடுவண் கணினி ஒன்றிலேயே இருந்தது. அதனோடு தொடர்பு அற்றால் பதிவு செய்ய இயலாது. இக்குறையைத் தீர்த்த கருவிகளுள் இன்று பரவலாக வழங்குவது 'கிட்'. லினக்சு என்னும் இயங்குதளத்தை 1991இல் தொடங்கிய பின்லாந்து நாட்டவரான லினஸ் டோர்வால்ட்சு, உலகின் பல பாகங்களிலிருந்து அஞ்சலில் வந்த திருத்தங்களைப் பல்லாண்டு தாமே சேர்த்து வந்தார். 2002 முதல் ஒரு நிறுவனத்தின் பிட்கீப்பர் என்னும் கருவியைப் பயன்படுத்தினார். 2005இல் அதன் இலவச உரிமம் நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சில நாட்களில் கிட்டின் முதல் வடிவை அவரே எழுதினார்.

கிட் என்னும் பெயரையும் கிட்டங்கியையும் ஒலியொப்புமை கண்டு உறவாக்கற்க. கிட் என்பது ஆங்கிலக் கொச்சையில் எரிச்சலூட்டும் மனிதனைக் குறிப்பது. தம்மையே நகையாடி அவர் இட்ட பெயர். ஆயினும் திருத்தங்கள் சேர்ந்திருக்கும் இடத்தை நிரலாளர் களஞ்சியம் என்பர்; கிட்டங்கி என்பதன் பொருளும் பண்டகசாலையே. சொல் வேறாயினும் பொருள் ஒன்றுபட்டது.

கிட் முறையில் ஒவ்வொரு கணினியிலும் நிரல் மட்டுமன்றி அதன் தொடக்கம் முதலான முழு வரலாறும் இருக்கும். ஒவ்வொரு பதிவும் யார் செய்தது, எப்போது செய்தது, ஏன் செய்தது என்னும் மூன்றையும் தாங்கி நிற்கும். பதிவின் உள்ளடக்கத்தினின்றும் அதற்கு முந்திய பதிவின் அடையாளத்தினின்றும் கணக்கிட்டு, நாற்பது குறிகளாலான முத்திரை ஒன்று அதற்கு இடப்படும். இடையில் உள்ள பழைய பதிவொன்றை ஒருவர் கமுக்கமாக மாற்றினால், அதன்பின் வரும் முத்திரைகள் அனைத்தும் மாறி அவரைக் காட்டிக் கொடுக்கும். இரண்டு கணினிகள் தொடர்பு கொள்ளும்போது உன்னிடம் எதுவரை உள்ளது என்று ஒன்றையொன்று கேட்டு, இல்லாதவற்றை மட்டும் அனுப்பும். கப்பல் கடிதத்தில் சென்ற கணக்கின் வேலையும் இதுவே.

இருவர் வெவ்வேறு வரிகளைத் திருத்தியிருந்தால், இரண்டு படிகளும் பிரிவதற்கு முன்னிருந்த பொதுப் படியோடு ஒப்பிட்டுக் கிட் தானே இணைத்துவிடும். ஐயரவர்களுக்கு அப்பொதுப் படி கிட்டவில்லை என்பதை நினைக. இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தாலோ கிட் நின்றுவிடும். இரண்டு பாடங்களையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டி, முடிவை மனிதனிடம் விட்டுவிடும்.

அப்படியொரு முரண்பாடு கிட்டங்கிகளுக்கும் நேர்ந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின்மீது குண்டு வீசினர். அம்மாதத்திலேயே தீவு அவர்கள் வசமாயிற்று. மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே கப்பலும் கடிதமும் அற்றன. 1945 செப்டம்பர் வரை ஏறக்குறைய மூன்றாண்டு எட்டுமாதம் அக்கரை ஏடு ஒரு வழி, இக்கரை ஏடு ஒரு வழி. ஊரில் உள்ளவர்க்குக் கடன் நிலுவையில் நிற்பதாகவே கணக்கு. இங்கோ கடன்பட்டோர் பலர் ஜப்பானிய நோட்டைக் கொண்டுவந்து கட்டிப் பத்திரத்தை மீட்டுச் சென்றனர். பத்து வெள்ளித் தாளில் வாழை பொறித்த அந்நோட்டின் மதிப்பு மாதந்தோறும் சரிந்து, ஆங்கிலேயர் திரும்பியதும் வெறுந்தாளாயிற்று. கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? இரண்டு ஏடுகளும் ஒரே வரியில் வெவ்வேறு விடை கூறின.

இதற்கு 1948இல் அரசு ஒரு சட்டம் செய்தது. ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன்களைப் பற்றிய அச்சட்டத்தில், ஜப்பானிய நோட்டுக்கு எக்காலத்தில் என்ன மதிப்பு எனக் காட்டும் அட்டவணை ஒன்று சேர்க்கப்பட்டது. ஆதலால் கடன் எவ்வளவு கட்டப்பட்டது என்பதோடு எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதும் வழக்கில் முக்கியமாயிற்று. நிலுவைத் தொகையை மட்டும் எழுதி வைத்த ஏடு அங்கே பயன்படாது. நாள் வரிசையில் ஒவ்வொரு வரவையும் அழிக்காமல் வைத்திருந்த குறிப்பேடே சான்றாக நிற்கத் தக்கது.

தமிழாசிரியர்க்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். இந்நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பயிற்றுத்தாளும் சொற்பட்டியலும் இலக்கணக் குறிப்பும் ஆசிரியரிடமிருந்து ஆசிரியருக்குக் கோப்பாகக் கைமாறுகின்றன. 'இறுதி', 'இறுதி 2', 'திருத்திய இறுதி' என்று பெயரிட்ட நான்கு கோப்புகள் ஒரே நாளில் என்னிடம் வந்ததுண்டு. அவற்றுள் ஒன்றில் லகர ளகர வேறுபாட்டுக்குக் காட்டிய எடுத்துக்காட்டு பிறழ்ந்திருந்தது. எந்தக் கையில் பிறழ்ந்தது என்று நால்வராலும் கூற முடியவில்லை. இணையத்தில் உலவும் சங்கப் பாடல்களின் நிலையும் பல இடங்களில் இதுவே. சுவடிக் காலத்தில் ஓர் ஊரில் நேர்ந்த பிழை அடுத்த ஊரை அடையத் தலைமுறை ஆயிற்று. இன்று அது மாலைக்குள் உலகைச் சுற்றிவருகிறது, எழுதியவர் பெயரும் தேதியும் இல்லாமல்.

எங்கள் தோட்டப் பள்ளியில் இப்போது ஆசிரியர் மூவர் சொற்பட்டியலைக் கிட் களஞ்சியத்தில் வைத்துள்ளனர். பயன்படுத்தப் பழகுவதற்கு ஒரு பள்ளி விடுமுறை ஆயிற்று. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பது மூத்தவர்க்கு இடர்தான். திருத்தத்திற்குக் காரணம் எழுதாமல் விடலாகாது என்பதை மட்டும் நான் வற்புறுத்தினேன். சென்ற வாரம் திறந்து பார்த்தேன். 'கணிப்பொறி' என்பது 'கணினி' என மாற்றப்பட்டிருந்தது. கீழே, பாடநூலில் இவ்வாறே உள்ளது என்று ஓர் ஆசிரியை காரணம் எழுதியிருந்தார். பழைய சொல்லும் அதன் தேதியோடு முந்திய பதிவில் இருந்தது.